கழிமுகம் தொடங்கி மலைமுகடு வரை: நைஜீரியாவின் கிராஸ் ரிவர் மாநிலத்தைச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

வேலை நிமித்தமாகவோ வணிகத்துக்காகவோ நைஜீரியாவுக்குச் செல்லும் நம்மவர்களில் பலர் லேகோஸையும் அபுஜாவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். அந்நாட்டின் தென்கிழக்கு மூலையில், கேமரூன் எல்லையை ஒட்டி அமைந்திருக்கும் கிராஸ் ரிவர் மாநிலத்துக்கு ஒரு வாரத்தை ஒதுக்குவோர் மிகக் குறைவு. அலையாத்திக் காடுகள் சூழ்ந்த கழிமுகத்தில் தொடங்கி, மழைக்காட்டின் ஊடாக ஏறி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரமுள்ள ஒபுடு பீடபூமியில் முடியும் இம்மாநிலத்தில், நிலம் மாறும்போதெல்லாம் மொழியும் உணவும் வழிபாடும் சேர்ந்து மாறுகின்றன. அந்த மாற்றத்தை உணர்வதற்குத் தெற்கிலிருந்து வடக்கே, ஒரே கோடாக, தரைவழியாகச் செல்வதே சரியான முறை என்பது என் உறுதியான கருத்து. கலபார் நகரில் தொடங்கி ஒபுடுவில் முடிக்கும் இப்பயணத்துக்குக் குறைந்தது 9 அல்லது 10 நாட்கள் வேண்டும். அவ்வளவு நாட்கள் கிடைக்காதவர்கள் எல்லா இடங்களையும் தொட்டுவிட்டு ஓடுவதைக் காட்டிலும், கலபாரையும் அதன் சமையலையும் மட்டும் 4 நாட்கள் நிதானமாக அறிந்துவருவது நல்லது.

எந்தக் காலத்தில் செல்வது?

கலபார் மழை மிகுந்த ஊர். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மழைக்காலம் என்றாலும், ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில்தான் மழை விடாமல் கொட்டும். காட்டுப் பாதைகள் சேறாகிவிடும், மண் சாலைகளில் வண்டிகள் புதைந்து நிற்கும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் சகாராவிலிருந்து வீசும் ஹர்மட்டான் காற்று மெல்லிய தூசுத் திரையை எங்கும் விரித்துவிடுவதால், மலை உச்சியில் நின்றாலும் தொலைவு தெரியாது. ஆகவே, நிலக்காட்சியே முதன்மை என்று கருதுவோருக்கு நவம்பர் மாதம் மிகவும் ஏற்றது. மழை ஓய்ந்து, அருவிகளில் நீர் குறையாமல், வானமும் தெளிவாக இருக்கும் நாட்கள் அவை.

விழாக்களுக்காகச் செல்வோரின் கணக்கு வேறு. கலபார் திருவிழா டிசம்பர் மாதம் முழுவதும் நடைபெறும். அதன் உச்சமான தெரு ஊர்வலம் மாதத்தின் கடைசி வாரத்தில் வரும். ஆயிரக்கணக்கானோர் இறகு உடைகளுடன் நகரத்தையே சுற்றி ஆடிச்செல்லும் அந்த நாட்களில் விடுதி அறைகள் கிடைப்பது கடினம், கட்டணமும் பன்மடங்காகிவிடும். அக்டோபருக்குள் முன்பதிவு செய்துவிட வேண்டும். என்னைக் கேட்டால், அதைவிட ஆழமான அனுபவம் ஆகஸ்ட் மாதத்தில் உகெப் என்ற ஊரில் கிடைக்கிறது. கலபாருக்கும் வடக்கே உள்ள இகோம் நகருக்கும் இடையே இருக்கும் அவ்வூரில் யாக்கூர் மக்கள் கொண்டாடும் லெபோக்கு, புதிய சேனைவள்ளிக் கிழங்கின் அறுவடைத் திருநாள். அங்கே யாம் என்று அழைக்கப்படும் அந்தக் கிழங்கை மூதாதையருக்கும் நிலத்தின் தெய்வங்களுக்கும் படைத்த பிறகே மக்கள் உண்ணத் தொடங்குவார்கள். மழையில் நனைவதற்குத் தயாராக இருப்பவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

புறப்படுவதற்கு முன்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் விசா இல்லாமல் நைஜீரியாவுக்குள் நுழைய இயலாது. நைஜீரியக் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அதைவிட முக்கியமானது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ். பயணத்துக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் ஊசி போட்டிருந்தால்தான் அந்தச் சான்றிதழ் செல்லும். ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுவதற்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு ஆய்வு நிலையத்தில் இந்த ஊசி போடப்படுகிறது. குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே போடுவதால் முன்னரே விசாரித்துச் செல்லுங்கள். இச்சான்றிதழ் இல்லாமல் நைஜீரியாவிலிருந்து இந்தியா திரும்புவோர் 6 நாட்கள் வரை தனிமைப்படுத்தப்படலாம் என்பதைப் பலர் திரும்பும்போதுதான் அறிகிறார்கள். மலேரியாத் தடுப்பு மாத்திரையை மருத்துவரின் ஆலோசனைப்படி தொடங்கிவிடுங்கள். மழைக்காடும் கழிமுகமும் உள்ள பகுதி என்பதால், கொசுவிரட்டிக் களிம்பும் முழுக்கைச் சட்டையும் அவசியம்.

லேகோஸிலிருந்தோ அபுஜாவிலிருந்தோ உள்நாட்டு விமானத்தில் கலபாரின் மார்கரெட் எக்போ விமான நிலையத்துக்குச் செல்வதே பாதுகாப்பான வழி. பெண்களின் வாக்குரிமைக்கும் சந்தைப் பெண்களின் ஒற்றுமைக்கும் உழைத்த தலைவரின் பெயரை அந்த நிலையம் தாங்கி நிற்கிறது. நைஜீரியாவின் நெடுஞ்சாலைகளில் ஆள்கடத்தல் நடப்பதுண்டு. எனவே நீண்ட தரைவழிப் பயணங்களைத் தவிர்ப்பதும், தவிர்க்க முடியாதவற்றைக் காலையில் தொடங்கி இருட்டுவதற்கு முன் முடித்துவிடுவதும் கட்டாயம். மாநிலத்துக்குள் வடக்கே செல்வதற்கு, அந்தச் சாலையில் அன்றாடம் ஓட்டிப் பழகிய உள்ளூர் ஓட்டுநர் ஒருவரை விடுதியின் மூலம் முழுப் பயணத்துக்கும் அமர்த்திக்கொள்ளுங்கள். எந்த ஊரில் தகராறு, எந்தப் பாலம் உடைந்திருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். பன்னாட்டு நீதிமன்றத்தின் 2002ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பிறகு கேமரூனிடம் ஒப்படைக்கப்பட்ட பக்காசி தீபகற்பத்தை ஒட்டிய நீர்வழிகளுக்குப் படகில் செல்ல யார் அழைத்தாலும் மறுத்துவிடுங்கள். உங்கள் நாட்டு வெளியுறவுத் துறையின் அறிவுரையைப் புறப்படும் வாரத்தில் மீண்டும் ஒருமுறை படித்துவிடுவதும் நல்லது.

கலபாரில் இருக்கும்வரை பணத்துக்குச் சிரமம் இல்லை. வடக்கே செல்லச் செல்லப் பணம் எடுக்கும் இயந்திரங்கள் குறைந்துவிடும். தேவையான நைராவைச் சிறிய நோட்டுகளாக மாற்றிக்கொண்டு கிளம்புங்கள். மின்சாரம் அடிக்கடி போகும் என்பதால் பவர் பேங்கும், மூன்று சதுர முனைகள் கொண்ட பிளக் அடாப்டரும் பையில் இருக்கட்டும்.

கலபாரை அறிதல்

கலபார் ஆற்றின் கரையில் மேட்டில் அமைந்த இந்நகரம் மூன்று மக்களின் ஊர். எஃபிக், குவா, எஃபுட் ஆகிய மூவருக்கும் தனித்தனி அரச மரபுகள் இன்றும் உள்ளன. ஓர் இனத்தாரின் முன் மற்றோர் இனத்தாரை ஊரின் உரிமையாளர்கள் என்று சொல்லிவிடாதீர்கள். யார் முதலில் வந்தவர் என்பது இங்கே உணர்ச்சிகரமான வழக்கு.

முதல் நாளை முழுவதும் மேட்டின் மேலுள்ள பழைய ரெசிடென்சி மாளிகைக்கு ஒதுக்குங்கள். பிரிட்டனில் துண்டு துண்டாகச் செய்து, கப்பலில் ஏற்றிவந்து, 1884ஆம் ஆண்டில் இங்கே பூட்டி எழுப்பப்பட்ட மரக்கட்டடம் அது. இப்போது தேசிய அருங்காட்சியகமாக இருக்கிறது. அந்த ஆண்டில்தான் எஃபிக் தலைவர்கள் பிரிட்டனுடன் பாதுகாப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். உள்ளே அடிமை வணிகமும், அது தடைசெய்யப்பட்ட பிறகு அதன் இடத்தைப் பிடித்த பனையெண்ணெய் வணிகமும் வரிசையாக விளக்கப்பட்டுள்ளன. அவசரமாக நடந்து கடக்காமல் ஒவ்வொரு பலகையையும் படித்துச் செல்வோருக்கு, பின்னர் சந்தையில் பார்க்கப்போகும் செந்நிற எண்ணெய் ஒவ்வொரு புட்டியிலும் வேறு விதமாகத் தெரியும். இன்றைய நைஜீரியாவுக்குள் இருந்த பழைய பெனின் அரசின் மன்னர் ஓவன்ராம்வென், 1897ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் படை அவருடைய தலைநகரைச் சூறையாடிய பிறகு நாடு கடத்தப்பட்டு வந்து, 1914இல் உயிர்நீத்ததும் இந்தக் கலபாரில்தான்.

இரண்டாம் நாள் கீழே இறங்கி ஆற்றங்கரையில் உள்ள அடிமை வரலாற்று அருங்காட்சியகத்தைப் பாருங்கள். குழந்தைகளுடன் செல்வோர் முதலில் தாம் மட்டும் உள்ளே ஒருமுறை சென்று பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. சங்கிலியிடப்பட்ட உருவங்கள் மனத்தை உலுக்குபவை. அதன் பிறகு மேரி ஸ்லெஸ்ஸரின் கல்லறைக்குச் செல்லலாம். 1876ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்திலிருந்து வந்த இந்த மிஷனரி, இரட்டைக் குழந்தைகளைக் கொல்லும் வழக்கத்தை எதிர்த்து, கைவிடப்பட்ட பிள்ளைகளைத் தம் வீட்டிலேயே வளர்த்து, 1915இல் இம்மண்ணிலேயே மறைந்தார். நகரின் வட்டச் சந்திகளில் இரு குழந்தைகளைக் கையில் ஏந்திய பெண்ணின் சிலையைக் கண்டால் அது அவர்தான் என்று அறிந்துகொள்ளலாம்.

நகருக்குள் செல்வதற்குக் கேக்கே எனப்படும் மூன்று சக்கர ஆட்டோ போதும். பெயர்தான் புதிது, வண்டி நமக்குப் பழக்கமானது. பஜாஜும் ஓசூரின் டி.வி.எஸ்ஸும் நைஜீரியத் தெருக்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஏறுவதற்கு முன் கட்டணத்தைப் பேசிவிடுங்கள். வழியில் வருவோரையும் ஏற்றிக்கொள்வது அங்கே வழக்கம். தனியாகச் செல்ல விரும்பினால் அதை முதலிலேயே சொல்ல வேண்டும்.

எல்லோரும் பிஜின் எனப்படும் கலப்பு ஆங்கிலம் பேசுவார்கள் என்றாலும், நான்கைந்து எஃபிக் சொற்கள் கதவுகளைத் திறக்கும். காலை வணக்கத்துக்கு எமெசியேரே, நன்றிக்குச் சொசோங்கோ, மூத்த ஆணை விளிக்க எட்டே, மூத்த பெண்ணை விளிக்க எம்மா. கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன் வணக்கம் சொல்லாமல் இருப்பது அங்கே பெரிய மரியாதைக்குறைவு. உங்களைக் கண்டதும் அவர்கள் ஆங்கிலத்தில் யூ ஆர் வெல்கம் என்பார்கள். நீங்கள் நன்றி சொல்லும் முன்பே அப்படிச் சொல்வதைக் கேட்டுத் திகைக்க வேண்டாம், வாருங்கள் என்று வரவேற்பதுதான் அதன் பொருள்.

எக்பேயின் முன் நடந்துகொள்ள வேண்டிய முறை

எக்பே என்றால் சிறுத்தை. கலபாரிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் பல நூற்றாண்டுகளாக நீதி வழங்கியும், கடனை வசூலித்தும், வணிகத்தை ஒழுங்குபடுத்தியும் வந்த ஆண்களின் மறைச்சங்கம் அது. அரசுகள் வருவதற்கு முன் அரசாக இருந்தது அதுவே. படிநிலைகள் கொண்ட இச்சங்கத்தார் என்சிபிடி என்ற குறியீட்டு எழுத்தைப் பயன்படுத்துகின்றனர். அவுரி நீலத்தில் சாயம் தோய்த்த உக்காரா துணியில் வெண்ணிறமாகத் தெரியும் வளைகோடுகளும் சிறுத்தை உருவங்களும் அந்த எழுத்துகளே. அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்ட இப்பகுதி மக்கள் கியூபாவுக்குக் கொண்டுசென்ற எக்பே மரபே, ஹவானாவை அடுத்த ரெக்லாவில் 1836ஆம் ஆண்டில் அபக்குவா என்ற சங்கமாக உருவெடுத்து, இன்றுவரை உயிருடன் இருக்கிறது.

டிசம்பரிலோ ஒரு பெரியவரின் இறுதிச் சடங்கிலோ முகமூடி அணிந்த எக்பே ஆட்டக்காரர் தெருவில் வரக்கூடும். உடல் முழுவதும் பின்னல் ஆடையும், கழுத்தைச் சுற்றி நார்க்குஞ்சமும், இடுப்பில் ஒரு மணியும் இருக்கும். மணிச் சத்தம் கேட்டதும் உள்ளூர் மக்கள் எப்படி ஒதுங்குகிறார்களோ அப்படியே நீங்களும் ஒதுங்கி நில்லுங்கள். அருகில் இருக்கும் பெரியவரிடம் அனுமதி கேட்டுப் பெறாமல் படம் எடுக்கக் கூடாது. அவர் மறுத்தால் காரணம் கேட்காமல் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட வேண்டும். எக்பே மன்றத்தின் வாசலைக் கடந்து உள்ளே செல்லும் உரிமை உறுப்பினருக்கு மட்டுமே உண்டு. பணம் கொடுத்து உள்ளே அழைத்துச் செல்வதாக யாரேனும் சொன்னால், அவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

சாப்பாட்டிலிருந்து காட்டைப் படிப்பது

நைஜீரியாவின் பிற பகுதியினர்கூடச் சமையலில் கலபார்ப் பெண்களை மிஞ்ச முடியாது என்பார்கள். அதற்கான காரணத்தை உணவகத்தில் தேடுவதற்கு முன் காலை 7 மணிக்கு வாட் சந்தைக்குச் செல்லுங்கள். அங்கே கீரைக்காரப் பெண்கள் அஃபாங் இலைகளை அடுக்கிச் சுருட்டி, இடக்கையில் இறுகப் பிடித்து, கூரிய கத்தியால் நூல் நூலாகச் சீவித் தள்ளிக்கொண்டிருப்பார்கள். தோல்போல் தடித்த அந்த இலையை அவ்வளவு மெல்லியதாகச் சீவி, பிறகு உரலில் இடித்தால்தான் வேகும். அஃபாங் தோட்டத்துக் கீரை அன்று, மழைக்காட்டின் மரங்களில் ஏறிப் படரும் கொடி. காட்டிலிருந்து அளவுக்கு மீறிப் பறிக்கப்படுவதால், பறிப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இன்னும் உள்ளே செல்ல வேண்டியிருக்கிறது. தட்டில் வரும் அஃபாங் சூப்பைக் காட்டின் நிலையைச் சொல்லும் செய்தியாகவே நான் எண்ணுகிறேன்.

எடிகாங் இகாங் இப்பகுதியின் பெருமைக்குரிய உணவு. இரண்டு கீரைகளால் ஆனது. ஒன்று, உகு எனப்படும் வரிப்பூசணியின் இளம் இலை. மற்றொன்று வாட்டர் லீஃப். நம் ஊர்களில் சிலோன் பசலை என்று தொட்டியில் வளர்க்கிறோமே, அந்தக் கீரையேதான். செய்முறையில் ஒரு நுட்பம் உண்டு. இறைச்சியையும் கருவாட்டையும் முதலில் வேகவைத்து, நீர் ஏறத்தாழ வற்றும்வரை விட்டுவிடுவார்கள். பின்னர் செம்பனையெண்ணெயைத் தாராளமாக ஊற்றி, பொடித்த உலர் இறாலும் மிளகாயும் சேர்ப்பார்கள். வாட்டர் லீஃப் முதலில் இறங்கும், அது தன் நீரை விடும். அந்த நீரிலேயே உகு வேக வேண்டும். தனியாக ஒரு கரண்டி நீர் ஊற்றினாலும் கலபார்ப் பெரியவர்கள் அதை எடிகாங் இகாங் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மலைபோல் குவித்த கீரை சட்டியில் ஒரு பிடியாக அடங்கிவிடும் என்பதால், இது எப்போதும் செலவு மிகுந்த விருந்துணவு. அதில் கிடக்கும் சிறு நத்தை ஓடுகளின் நுனி வெட்டப்பட்டிருக்கும். ஓட்டை உதட்டில் வைத்து உறிஞ்சினால் சதை வாய்க்குள் வந்துவிடும். முதல் முறை வராது. பக்கத்தில் இருப்பவரிடம் காட்டச் சொல்லுங்கள், மகிழ்ச்சியோடு கற்றுத் தருவார்.

இந்தக் குழம்புகளுடன் இடித்த யாம் கிழங்கு, புளிக்கவைத்த மரவள்ளி மாவு, அல்லது காரி எனப்படும் வறுத்த மரவள்ளி ரவையில் கிண்டிய உருண்டை வரும். வலக்கையால் கிள்ளி, விரல்களால் உருட்டி, நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி செய்து, குழம்பை அள்ளி, மெல்லாமல் விழுங்க வேண்டும். கேழ்வரகுக் களி உண்டு பழகியவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உண்பதற்கு முன் கை கழுவக் கிண்ணத்தில் நீர் வரும்.

எக்பாங் என்குக்வோ என்பதைத் தேடிச் சென்றாவது உண்ணுங்கள். சேப்பங்கிழங்கு வகையைத் துளையிட்ட தகரத்தில் துருவி, உப்பிட்டுப் பிசைந்து, இளம் சேம்பிலையில் சிறிது வைத்து, விரல் நீளத்துக்குச் சுருட்டிச் சட்டியில் அடுக்குவார்கள். சட்டியின் அடியில் முன்னரே எண்ணெய் தடவப்பட்டிருக்கும். கொதிநீரை மேலே ஊற்றி மூடிய பிறகு, சுருள்கள் இறுகும்வரை கரண்டியால் தொடக் கூடாது. தொட்டால் எல்லாம் கூழாகிவிடும். ஒரு சட்டிக்கான சுருள்களைச் சுற்றி முடிக்கப் பொறுமையான இருவருக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகும், துருவிய கை அரிக்கும். ஆகவே, இதை உணவகங்களில் எல்லா நாளும் எதிர்பார்க்க முடியாது. முந்தைய நாளே சொல்லி வைப்பது நல்லது. விடுதியில் சமைப்பவரிடம் பொருளுக்கான பணத்தைக் கொடுத்து, உடனிருந்து சுற்றக் கற்றுக்கொள்ளவும் கேட்டுப் பாருங்கள். என் பார்வையில் இப்பயணத்தின் மிகச் சிறந்த அரைநாள் அதுவாக இருக்கும்.

காரம் தாங்காதவர்களுக்கு அஃபியா எஃபெரே என்ற வெள்ளைக் குழம்பு ஏற்றது என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். அதில் பனையெண்ணெய்தான் இல்லை, மிளகாய் உண்டு. உயாயாக் என்ற நறுமணக் காயின் வாசம் அதன் சிறப்பு.

சைவ உணவினர் உண்மையை அறிந்தே செல்ல வேண்டும். இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் இறைச்சித் துண்டை எடுத்துவிடுவார்கள். பொடித்த இறாலும் உலர்மீனும் குழம்பிலேயே கரைந்திருக்கும். தெருவோரத்தில் கரியில் சுட்ட வாழைக்காய், சுட்ட யாம், வேர்க்கடலை, தட்டைப்பயறு வகையை அரைத்து வெங்காயமும் மிளகாயும் சேர்த்துப் பொரிக்கும் அகாரா என்ற வடை ஆகியவை கைகொடுக்கும். அகாரா பொரிக்கும் எண்ணெயில் வேறு எதுவும் பொரித்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் செல்வோருக்குச் சுட்ட மக்காச்சோளமும், சாம்பலில் வெதுப்பினால் வெண்ணெய்போல் இளகும் ஊபே என்ற கருநீலப் பழமும் கிடைக்கும். கள் குடிப்பவர்கள் காலையிலேயே வாங்குவது நல்லது, மாலைக்குள் புளித்துவிடும்.

வடக்கே: காடு

நான்காம் அல்லது ஐந்தாம் நாள் அதிகாலையில் கலபாரை விட்டுப் புறப்படுங்கள். அகம்கபா தாண்டியதும் ரப்பர், செம்பனைத் தோட்டங்களுக்குப் பின்னால் காட்டின் விளிம்பு தெரியத் தொடங்கும். 1991ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட கிராஸ் ரிவர் தேசியப் பூங்கா, ஒபான், ஒக்வாங்வோ என்று இரு தனிப் பகுதிகளாக, ஏறத்தாழ 4,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கிறது. நைஜீரியாவில் எஞ்சியுள்ள மழைக்காட்டின் பெரும்பகுதி இம்மாநிலத்தில்தான் இருக்கிறது. வழிகாட்டியின்றியும், பூங்கா அலுவலகத்தின் அனுமதியின்றியும் காட்டுக்குள் காலடி வைக்காதீர்கள்.

பயணிகளுக்கு எளிதில் எட்டுவது போக்கி வட்டாரத்தில் புவாஞ்சோர் கிராமத்தை அடுத்துள்ள அஃபி மலை. பான்ட்ரில்லஸ் என்ற அமைப்பு இங்கே டிரில் குரங்குகளை வளர்த்துக் காக்கிறது. கிராஸ் ரிவர் பகுதி, தென்மேற்குக் கேமரூன், பியோக்கோ தீவு ஆகிய மூன்று இடங்களில் மட்டுமே வாழும் குரங்கினம் இது. ஆண் டிரிலின் முகம் மெருகிட்ட கருங்காலி போல இருக்கும். கீழுதட்டின் அடியில் ஒரு செங்கோடு. பின்புறத்தில் நீலமும் ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த நிறம். வேட்டைக்காரர்களால் தாயை இழந்த குட்டிகளைக் கொண்டு தொடங்கிய முயற்சியில் நூற்றுக்கணக்கான குட்டிகள் இங்கே பிறந்துள்ளன. வேலியிட்ட காட்டுத் துண்டுகளில் பெருங்கூட்டங்களாக அவை வாழ்கின்றன. உணவிடும் நேரத்தைக் கேட்டு அப்போது சென்றால் அருகில் பார்க்கலாம். பல்லைக் காட்டித் தலையசைப்பது டிரிலின் நட்புக் குறி, பயப்பட வேண்டாம். தங்குமிடம் எளிய குடில்தான். முன்கூட்டியே தொடர்புகொண்டு செல்லுங்கள், உணவுப் பொருளைக் கையோடு கொண்டு செல்ல வேண்டியிருக்கும்.

கிராஸ் ரிவர் கொரில்லாவைக் காட்டுவதாக யார் சொன்னாலும் நம்பாதீர்கள். உலகில் எஞ்சியிருப்பவை 300க்கும் குறைவு. மனிதரின் நிழல் பட்டாலே விலகிச் செல்லும் அந்த விலங்கை, அதைக் காப்பதற்காக ஆண்டுக்கணக்கில் காட்டில் அலையும் காவலர்களே நேரில் கண்டது அரிது. 2020ஆம் ஆண்டில் இம்மாநிலத்தின் எம்பே மலையில் தானியங்கிக் கேமராவில் குட்டிகளுடன் ஒரு கூட்டம் பதிவானபோது, அது இனம் பெருகுவதற்கான சான்று என்று உலகமே கொண்டாடியது. அது இருக்கும் காட்டின் ஓரத்தில் ஓர் இரவு தங்கி, மரங்களின் ஒலியைக் கேட்டுத் திரும்புவதே நமக்குப் போதுமான பேறு.

அலோக் கற்கள்

இகோமிலிருந்து ஒகோஜா செல்லும் சாலையில் அலோக் கிராமம் இருக்கிறது. இவ்வட்டாரத்தின் ஏறத்தாழ 30 ஊர்களில் பரவிக் கிடக்கும் சுமார் 300 சிற்பக் கற்களில் ஒரு தொகுதியை அங்கே காணலாம். பெரும்பாலும் எரிமலைப் பாறையில் செதுக்கப்பட்ட இவற்றில் சில ஓர் ஆள் உயரம் வரை இருக்கும். வட்டமாக நிற்கும் ஒவ்வொரு கல்லிலும் திறந்த கண்கள், திறந்த வாய், தாடி, புடைத்த தொப்புள், அதைச் சுற்றி வளையக் கோடுகள். உள்ளூரார் அக்வான்ஷி என்று அழைக்கும் இக்கற்களை மண்ணுக்குள் இருக்கும் முன்னோராகவே கருதுகின்றனர். புதிய யாம் திருநாளில் சில ஊர்களில் கற்களுக்கு இன்றும் வண்ணம் தீட்டப்படுகிறது. மழையும் வெயிலும் வயல் எரிப்பும் திருட்டும் பலவற்றை அழித்துவிட்டன. 2007ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தகுதிக்கான உத்தேசப் பட்டியலில் இவை சேர்க்கப்பட்டன.

செல்லும் முறை இதுதான்: நேரே கற்களிடம் போகாமல், முதலில் ஊர்த்தலைவரைப் பார்த்து வணங்கி, வந்த காரணத்தைச் சொல்லி, அவர் அனுப்பும் காவலருடன் செல்லுங்கள். காணிக்கையாக ஒரு தொகையோ ஒரு புட்டி மதுவோ எதிர்பார்க்கப்படும். எவ்வளவு என்பதை ஓட்டுநரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். கற்களின் மேல் கை வைக்கவோ சாய்ந்து நின்று படம் எடுக்கவோ கூடாது. மாலை 4 மணிக்கு மேல் சாய்வெயிலில் கோடுகள் தெளிவாக எழும்பும். உச்சி வெயிலில் சென்றால் வெறும் கருங்கல்லாகத்தான் தோன்றும். ஆனால் சாய்வெயிலைப் பார்த்த பிறகு இரவில் சாலையில் செல்லக் கூடாது என்பதால், இகோமில் தங்கும்படி திட்டமிடுங்கள். நேரமும் பாதுகாப்பும் ஒத்துவந்தால், கேமரூன் எல்லைக்கு அருகிலுள்ள அக்போகிம் அருவியையும் அங்கிருந்தே பார்த்துவரலாம்.

ஒபுடு பீடபூமி

கடைசி இரண்டு மூன்று நாட்களை இதற்கு வையுங்கள். அடிவாரத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளாகச் சுற்றி ஏறும் மலைச்சாலை சுமார் 11 கிலோமீட்டர். ஏற ஏற மரங்கள் குறைந்து, புல்வெளி முதுகுகள் ஒன்றன்பின் ஒன்றாக விரியும். பள்ளங்களில் மட்டும் சோலைக்காடு ஒட்டிக்கொண்டிருக்கும். நீலகிரியின் மேல்பகுதியைப் பார்த்தவர்களுக்கு அந்த அமைப்பு உடனே புரியும். 1951ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்துக்காரர்கள் மாட்டுப் பண்ணையாகத் தொடங்கிய இடம் பின்னர் அரசு விடுதியாயிற்று. சுமார் 4 கிலோமீட்டர் நீளமுள்ள கம்பிவட ஊர்தி 2005இல் அமைக்கப்பட்டது. அது இயங்குகிறதா என்பதைக் கிளம்பும் முன் விசாரித்துவிடுங்கள், அதை நம்பியே வர வேண்டாம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் நடுங்கவைக்கும் குளிர் இருக்கும். நைஜீரியாவுக்குக் கம்பளி எதற்கு என்று நினைத்து வருபவர்கள் போர்வையைச் சுற்றிக்கொண்டு அறைக்குள்ளேயே இருக்க நேரிடும்.

விடுதி வளாகத்தோடு நின்றுவிடாமல், பீடபூமியின் மக்களான பெச்செவேயரின் சிற்றூர்களுக்கு ஒரு காலை நேரம் நடந்து செல்லுங்கள். உள்ளூர் இளைஞர் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டால், பறவைகள் மிகுந்த சோலைக்காட்டுத் துண்டுகளையும் அவர் காட்டுவார், அவருக்கும் கூலி சேரும். சாலையோரத்தில் புட்டிகளில் விற்கும் ஒபுடுத் தேனை வாங்கலாம். புட்டியின் மூடியை மெழுகால் அடைத்து, விமானத்தில் ஏற்றும் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

கொண்டுவரத் தக்கவை இன்னும் உண்டு: கலபாரில் பூ வேலைப்பாடு கொட்டிய பித்தளைத் தட்டுகள், ராஃபியா என்ற பனைவகையின் நாரில் பின்னிய பைகள். தோல், தந்தம், எறும்புண்ணிச் செதில், காட்டிறைச்சி என்று எது கொடுத்தாலும் வாங்காதீர்கள். டிரிலின் தாயைச் சுட்டவரும் அதே சந்தைக்காகத்தான் சுட்டார். பழைய முகமூடி, பழைய கல் என்று யாராவது காட்டினால், அருங்காட்சியக ஆணையத்தின் அனுமதியின்றி அதை நாட்டைவிட்டு எடுத்துச் செல்வது குற்றம் என்பதையும், அலோக்கின் வட்டங்களில் வெறுமையாக நிற்கும் இடங்களையும் நினைவில் கொள்ளுங்கள். கலபாருக்குத் திரும்பும் நாளுக்கும் விமான நாளுக்கும் இடையே ஒரு முழு நாளைக் காலியாக விடுங்கள். அந்தச் சாலையில் ஒரு லாரி கவிழ்ந்தால் பாதி நாள் போய்விடும். லாரி எதுவும் கவிழாவிட்டால், அந்த நாளில் வாட் சந்தைக்கு இன்னொரு முறை சென்று, அஃபாங் சீவும் பெண்களுக்கு எமெசியேரே சொல்லிவிட்டு வரலாம்.